புடு சிறையும் பிரட்டுக்களமும்

கேமரன் மலைக்குத் தேயிலை உண்டு, குளிர் உண்டு, காய்கறித் தோட்டம் உண்டு. சிறைச்சாலையால் இம்மலை பெயர் பெற்றதில்லை. அவ்வாறிருக்க, தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியரும் மாணவரும் கூடியுள்ள இவ்வவையில், கோலாலம்பூரில் நின்று இன்று இல்லாமற் போன ஒரு சிறையைப் பற்றி நாம் ஏன் பேசுகிறோம் என்ற வினா எழுவது இயல்பு. நாம் மொழியியல் துறையைச் சார்ந்தவர்கள். ஆதலின் விடையை ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறோம்.

அச்சொல் 'பிரட்டு'. பெரட்டு என்று ஒலிப்பாரும் உளர். விடியற்காலையில் தொழிலாளர் வரிசையாக நிற்க, கிராணி பெயர்ப் பட்டியலைப் படிக்க, அவரவர்க்குரிய வேலை பிரித்தளிக்கப்படுவதே பிரட்டு. அது நடக்கும் இடம் பிரட்டுக்களம். இலங்கை மலைநாட்டிலும் மலாயாவிலும் ஒருங்கே வழங்கிய இச்சொல் ஆங்கிலப் 'பரேடு' என்பதன் தமிழ் வடிவம். களம் என்ற நல்ல தமிழ்ச்சொல் அதனோடு ஒட்டிக்கொண்டது. நெற்களம், போர்க்களம், பிரட்டுக்களம்! படைவீரர்க்கும் கைதிகளுக்கும் உரிய வழக்கம் ஒன்று உழவுத்தொழில் செய்ய வந்தவர்க்கும் உரியதாயிற்று என்பதை இச்சொல் நமக்குத் தெரிவிக்கிறது. தோட்டத்தையும் சிறையையும் இணைத்து நோக்குவது வலிந்து செய்யும் ஒப்பீடன்று என்பதற்கு இது முதற்சான்று.

இரண்டாம் சான்று 'தண்டல்'. தமிழில் தண்டல் என்பது வரி திரட்டுதலைக் குறிக்கும். படகோட்டிகளின் தலைவனையும் குறிக்கும். இப்பின்னைப் பொருளில் அது கடல் கடந்து மலாய் மொழியில் 'தண்டில்' எனக் கூலிகளின் மேற்பார்வையாளனுக்குப் பெயராயிற்று. நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளிலோ, கைதிகளைக் கண்காணிக்கும்படி அமர்த்தப்பட்ட கைதிக்கே அப்பெயர் வழங்கிற்று. கைதியைக் காக்கும் கைதி தண்டல். தொழிலாளியை மேய்க்கும் தொழிலாளி கங்காணி. ஒரே ஆட்சியமைப்பின் இருமுகங்கள் இவை என்பதே நம் துணிபு.

தண்டல்கள் இந்நிலத்துக்கு வந்த வரலாறு பழையது. 1788 சனவரியில் பிரித்தானியக் கைதிகளை ஏற்றிய முதற் கப்பற்கூட்டம் ஆஸ்திரேலியாவின் சிட்னியை அடைந்தது. பள்ளி நூல்களில் இடம்பெற்ற செய்தி இது. அதற்கு முந்தைய ஆண்டாகிய 1787இலேயே கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியக் கைதிகளைச் சுமத்திராவின் பென்கூலனுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது என்பதைச் சொல்வார் அரியர். பின்னர்ப் பினாங்கு, மலாக்கா, 1825 முதல் சிங்கப்பூர் என அக்கப்பல்கள் வந்தன. வங்காளத்தாரும் பம்பாய்ப் பகுதியாரும் சென்னை மாகாணத்துத் தமிழரும் அவற்றில் வந்தனர். நம் முன்னோர் அத்தண்டனைக்குத் 'தீவாந்தரம்' என்று பெயரிட்டனர். தீவு வேறு, அந்தரம் வேறு எனப் பிரித்து நோக்கினால், போனவர் மீளார் என்ற அச்சம் அச்சொல்லில் ஒலிப்பதை உணரலாம்.

சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரு பேராலயம் அக்கைதிகளின் கைவண்ணம். அதன் சுவர்ப்பூச்சுக்கு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைக் கலந்தனர். ஆங்கிலேயர் அதனை 'மெட்ராஸ் சுனம்' என்றனர். சுண்ணம் என்ற நம் சொல் அவ்வாறு அவர்தம் ஆவணங்களிலும் ஏறிற்று. சிறைக் கண்காணிப்பாளராயிருந்த மக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் இவற்றையெல்லாம் பெருமிதத்தோடு எழுதியிருக்கிறார். கைதிகள் தமக்குத் தாமே காவலர் என்பது அந்நூற்பெயரின் பொருள். சிங்கப்பூரின் கைதிச் சிறை 1873இல் மூடப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கடைசிக் கைதிக் கப்பல் அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1868இல், மேற்குக் கரையிலுள்ள பிரிமேண்டில் துறையை அடைந்தது. இரு வரலாறுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கி ஒரே காலத்தில் முடிந்தன என்பதை நினைவிற் கொள்ளுக. பின்னர் இதற்கு மீள்வோம்.

இனிப் புடு. மாணவர் சிலர் இதனைப் 'புது' என்ற தமிழ்ச்சொல்லோடு உறவுபடுத்த விரும்பலாம். ஓசை ஒத்தால் போதும், உறவு உண்டு என்று கொள்வது சொற்பிறப்பியலில் தவிர்க்க வேண்டிய முதற் பழக்கம். மலாய் மொழியில் சிறையைக் குறிக்கும் 'பெஞ்சாரா' என்ற சொல்லின் கதை அத்தகையதன்று. அது கூண்டு எனப் பொருள்படும் வடசொல்லாகிய பஞ்சரத்திலிருந்து பிறந்தது; நம் கோயிற் சுவர்களில் கும்ப பஞ்சரம் எனும் சிற்ப உறுப்பின் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. தமிழின் 'சிறை' இன்னும் வியப்புக்குரியது. அடைத்து வைத்தலும் சிறை. பறவையின் இறகும் சிறை. நிகண்டாசிரியர் இவ்விரு பொருளையும் அருகருகே எழுதியபோது புன்னகைத்திருப்பார் என்றே எண்ணத் தோன்றுகிறது.

புடு சிறை 1891இல் தொடங்கி 1895இல் நிறைவுற்றது. செலவு 1,38,000 வெள்ளி. பணியை மேற்பார்த்தவர் சிலாங்கூர்ப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் சார்லஸ் எட்வின் ஸ்பூனர். இவர் இலங்கையில் பணியாற்றிவிட்டு இங்கு வந்தவர். பின்னர் மலாய் நாட்டு இரயில்வேயின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றவர். யாழ்ப்பாணத் தமிழர் பலர் இந்நாட்டு அரசுப்பணிகளுக்கு வரக் காரணரானவர். கட்டிடம் பெருக்கற்குறி வடிவினது. அறைகளின் சாளரங்கள் காலணிப் பெட்டி அளவினவே. சுவரெழுப்பியவர்களில் பெரும்பாலோர் கைதிகளே. தம்மை அடைக்கும் மதிலைத் தாமே கட்டுவது குடியேற்றக்காலச் சிறைகளின் பொது இயல்பு போலும். பிரிமேண்டில் சிறையையும் 1852 முதல் 1859 வரை கைதிகளே அங்கேயே சுண்ணக்கல் வெட்டிக் கட்டினர்.

அக்காலத்துச் சிறைக்குத் தமிழன் எவ்வழி சென்றான்? திருடியும் அடிதடியிலும் சென்றவர் எல்லா இனத்திலும் உண்டு. தமிழ்த் தொழிலாளிக்கு மற்றொரு வழியும் திறந்திருந்தது. ஒப்பந்தக் கூலியாக வந்தவன் வேலையை விட்டு நீங்கினால் அது உரிமையியல் வழக்கன்று, குற்றம். அதற்குச் சிறைத்தண்டனை உண்டு. வேலைக்கு வராத நாள்கள் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டப்படுவதும் உண்டு. கடையில் வாங்கிய பொருளுக்குப் பணம் தராத துரையை எவரும் சிறையில் அடைத்ததில்லை. மூன்றாண்டு உழைப்பதாகக் கைந்நாட்டு வைத்துவிட்டு இரண்டாம் ஆண்டில் ஓடிப்போன தொழிலாளியை அடைத்தனர். தோட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது, சிறையின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பது அத்தொழிலாளிக்குத் தெளிவாக விளங்கியிராது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. தொழிற்குற்றங்களுக்கான சிறைத்தண்டனை 1920களின் தொடக்கத்தில் நீங்கிற்று.

இம்மலையின் தேயிலைத் தோட்டங்கள் அதன் பின்னரே தோன்றின என்பது கருதத்தக்கது. வில்லியம் கேமரன் 1885இல் இம்மேட்டுநிலத்தை அளந்து சென்றபோதிலும், ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். பாரத் தோட்டம் 1933இல் பிறந்தது. ஆதலின் இங்கு வந்த தமிழர் கங்காணி வழி வந்தவரும், கீழ்நாட்டு இரப்பர்த் தோட்டங்களிலிருந்து மலையேறியவரும் ஆவர். சட்டத்தின் சிறைவாயில் அவர்க்கு மூடப்பட்டிருந்தது. ஆயினும் பிரட்டு என்ற சொல் அவர்களோடு மலையேறிற்று. சட்டம் நீங்கிய பின்னும் சொல் நீங்காது. சொல்லோடு வந்த பணிவும் எளிதில் நீங்காது. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளில் ஒன்று. கூலி உயர்வைக் கேட்டவர்கள் அதனோடு இதனையும் கேட்டார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது.

1942 சனவரியில் புடு சிறையின் திறவுகோல் சப்பானியர் கைக்கு மாறிற்று. முன்னாள் ஆட்சியாளரின் படைவீரர் இப்போது உள்ளே அடைபட்டனர். முவார், சிலிம் ரிவர் போர்களில் பின்தங்கிக் காட்டில் அலைந்து பிடிபட்ட ஆஸ்திரேலியரும் பிரித்தானியரும் அவருள் அடங்குவர். ரசல் பிராடன் எனும் ஆஸ்திரேலிய இளைஞர் அவர்களில் ஒருவர். 1952இல் அவர் எழுதிய நினைவுநூல் பெருவிற்பனை கண்டது. புடு என்ற பெயரை ஆஸ்திரேலியர் அறிந்ததற்கு அந்நூலும் ஒரு காரணம். அவ்வாண்டின் இறுதிக்குள் அக்கைதிகள் சிங்கப்பூருக்கும் சயாமுக்கும் அனுப்பப்பட்டனர்.

சயாமில் அவர்களுக்கு அருகிலேயே மலாயாத் தோட்டத் தமிழர் பல பதினாயிரவர் இரயில் பாதைக்கு மண் சுமந்தனர். காஞ்சனபுரியில் நேசநாட்டு வீரரின் கல்லறைகள் பெயர்பொறித்து நிற்கின்றன. அப்பாதையில் மாண்ட தமிழர்க்கு அவ்வாறு பெயர்தாங்கிய கல் இல்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற புதினத்தை எழுதினார். அது நமக்குக் கிடைத்த பேறு. ஒரு பக்கம் கல்லறையும் நாட்குறிப்பும் அரசு ஆவணமும். மறுபக்கம் ஒரு புதினமும் பாட்டிமார் சொன்ன கதைகளும். இந்த ஏற்றத்தாழ்வு நம் முழுப் பொருளையும் ஊடுருவி நிற்பது.

போர் முடிந்து ஆங்கிலேயர் மீண்டனர். 1948 சூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் கொல்லப்பட, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அதே மாதத்தில் தொழிற்சங்கச் சட்டமும் திருத்தப்பட்டு, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் செயலிழந்தது. அச்சம்மேளனத்தின் தலைவர் எஸ். ஏ. கணபதி, தஞ்சைத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். 1949 மார்ச்சில் ரவாங் அருகே சுழல்துப்பாக்கி ஒன்றும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாகப் பிடிபட்டார். நெருக்கடிகாலச் சட்டப்படி அனுமதியின்றிச் சுடுகருவி வைத்திருத்தலே மரண தண்டனைக்குப் போதுமான குற்றம். அதனால் எவரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. இந்திய அரசு அவருயிரைக் காக்க இலண்டன் வரை முயன்றது. பயனில்லை. 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கைதுக்கும் தூக்குக்கும் இடையே இருந்த காலம் இரண்டு மாதம் சில நாள்களே. அதற்கு முதல்நாள், அச்சம்மேளனத்தின் மற்றொரு தலைவர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டார்.

கணபதி ஏற்ற அரசியலை இந்நாட்டில் ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. நெருக்கடிக் காலத்தில் கம்யூனிஸ்டுகளின் கையால் மடிந்த தோட்டத் தொழிலாளரும் உண்டு. அதை மறைத்து எழுதுவது வரலாறாகாது. நம் கவலை வேறு. அவருடைய குற்றத்தின் அளவுக்கும் தண்டனையின் அளவுக்கும் இடையிலுள்ள தொலைவை எடைபோட அவருக்குக் காலம் தரப்பட்டதா என்பதே வினா. அவ்வினாவை அடுத்த ஆண்டே மற்றொரு தமிழரின் வழக்கு கூர்மையாக்கிற்று. சாம்பசிவம் என்பவர்மீது சொகூரில் இரு குற்றச்சாட்டுகள்: சுடுகருவி வைத்திருந்தமை ஒன்று, தோட்டா வைத்திருந்தமை மற்றொன்று. தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். சுடுகருவிக் குற்றச்சாட்டுக்கு மறுவிசாரணை நடந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. அம்மறுவிசாரணையில், இரண்டும் தம்மிடம் இருந்ததாக அவர் கூறியதாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் சான்றாக வந்தது. அவ்வாக்குமூலத்தின் ஒரு பாதி பற்றி அவர் குற்றமற்றவர் என முன்னரே தீர்ப்பாகிவிட்டது என்பதை நீதிபதியோடு அமர்ந்த மதிப்பீட்டாளர்க்கு எவரும் அறிவிக்கவில்லை. இலண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் அத்தண்டனையை நீக்கிற்று. ஒருமுறை விடுவிக்கப்பட்டவனின் குற்றமின்மை பின்வரும் விசாரணையையும் கட்டுப்படுத்தும் என்ற நெறிக்கு, ஆங்கிலச் சட்டமுறையைப் பின்பற்றும் நாடுகளின் வழக்கறிஞர் இன்றளவும் 'சாம்பசிவம் வழக்கு' என்றே மேற்கோள் காட்டுகின்றனர். உலகச் சட்டநூல்களில் ஏறிய அத்தமிழ்ப்பெயரை நம் பள்ளிப் பிள்ளைகள் அறியார்.

அதே காலத்தில் தோட்டப்புறங்களுக்கும் முள்வேலி வந்தது. லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு வேலிக்குள் அடங்கின. ஊரடங்கு நேரம் வந்தது. அரிசிக்கு அளவு வந்தது. முதியோர் அதனை 'கம்பிவேலிக் காலம்' என்ற பொருள்படச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

விடுதலைக்குப் பிந்தைய புடுவைச் சுருங்கச் சொல்லிக் கடக்கலாம். 1986 சூலை 7ஆம் நாள் போதைப்பொருள் குற்றத்துக்காகப் பார்லோ, சேம்பர்ஸ் என்ற இருவர் அங்குத் தூக்கிலிடப்பட, ஆஸ்திரேலியாவில் பெருங்கொந்தளிப்பு எழுந்தது. அக்டோபரில் கைதிகள் சிலர் சிறை மருத்துவரைப் பிணையாகப் பிடித்து ஆறுநாள் போராடினர். வெளிமதிலில் கைதி ஒருவர் மலையும் மரமும் நீரும் வரைந்த சுவரோவியம் ஏறத்தாழ 260 மீட்டர் நீண்டு, வழிப்போக்கர் கண்ணுக்கு விருந்தாயிற்று. 1996இல் சிறை மூடப்பட்டது. சிறிது காலம் அருங்காட்சியகமாகவும் இருந்தது. 2010 சூன் 21ஆம் நாள் இரவு அம்மதில் இடிக்கப்பட்டது. சாலையை அகலப்படுத்துவது உடனடிக் காரணம். அதனைக் காக்க வேண்டுமெனச் சிலர் குரலெழுப்பியபோது, பெருமைப்படத்தக்க மரபுச் சின்னம் அன்று அது என்ற பொருள்பட அரசுத் தரப்பில் நாடாளுமன்றத்தில் விடை வந்தது.

அதற்கு ஆறு வாரங்களுக்குள், 2010 சூலை இறுதியில், ஆஸ்திரேலியாவின் கைதிக் குடியிருப்புகள் பதினொன்று உலக மரபுச் சின்னங்களாயின. 1991இல் மூடப்பட்ட பிரிமேண்டில் சிறை அவற்றுள் ஒன்று. ஆஸ்திரேலியரும் தொடக்கத்தில் பெருமைப்பட்டவர் அல்லர். கைதித் தீவு என்ற இழிவு நீங்கும் பொருட்டு 1856இல் வான் டீமன் நிலம் என்ற பெயரையே டாஸ்மேனியா என மாற்றியவர்கள் அவர்கள். போர்ட் ஆர்தர் என்ற சிறையூருக்கும் வேறு பெயர் சூட்டிப் பார்த்தார்கள். பாட்டன் கைதி என்பதைப் பேரன் மறைத்த காலம் நீண்டது. பின்னர் வந்தவர்கள் பழைய பதிவேடுகளைத் தேடிப் பாட்டன் பெயரைக் கண்டெடுத்தார்கள். மரபு என்பது பெருமைக்கு மட்டும் உரியதன்று, நேர்ந்ததற்கும் உரியது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். நம் நாட்டு விடையில் உள்ள 'பெருமை' என்ற சொல்லோடு நமக்கு உடன்பாடில்லை என்பதை இவ்விடத்தில் வெளிப்படையாகவே கூறுகிறோம். கணபதி நின்ற தூக்குமேடை எவர்க்கும் பெருமை தருவதன்று. அது நின்றிருக்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம்.

சிறையிடத்தை வேறு பயனுக்கு ஆக்குவது தமிழ்ச் சிந்தனைக்கு அயலானதும் அன்று. மணிமேகலையின் பத்தொன்பதாம் காதைக்குப் பெயரே 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை'. அரசனிடம் வேண்டிச் சிறையை அறச்சாலையாக்குகிறாள் மணிமேகலை. காப்பியம் அப்பழைய பெயரை நூற்றலைப்பிலேயே நிறுத்திக்கொள்கிறது. புடு நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடிகளும், 2022இல் திறந்த பெரும் வணிக வளாகமும் உள்ளன. பழைய நுழைவாயில் மட்டும் எஞ்சியிருக்கிறது. வாரக் கடைசியில் இளைஞர் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அவர்களைக் குறைகூற நமக்கு மனமில்லை.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இம்மலையின் தோட்டங்களில் இப்போது வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் கொழுந்து பறிக்கின்றனர். தமிழ்க் குடும்பங்கள் பல பட்டணம் இறங்கிவிட்டன. பிரட்டு, தண்டல், மண்டோர், லயம் முதலியவற்றை வாழ்ந்து அறிந்தவர் எண்பது வயதை ஒட்டியவர். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் சென்று, வேலை, தண்டனை, வேலி, காவல் பற்றிய சொற்களைக் கேட்டு எழுதட்டும். செந்தமிழாகத் திருத்தி எழுத வேண்டா. அவர் ஒலித்தவாறே எழுதுக. பெரட்டு என்றால் பெரட்டு. சொல்லின் எதிரே அதனைச் சொன்னவர் பிறந்த ஆண்டையும் தோட்டத்தையும் குறிக்க. தோட்டத்துக்கு வரைபடத்தில் ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கும். தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்று இருக்கும். இரண்டையும் குறிக்க.